உப்பு ஒயினும் சர்க்கரைச் சீஸும்

டோரு ஆற்றுச் சரிவில் எங்கள் ஊரில், அதேரிட்டுவின் கிடங்கிலிருந்த போர்ட் என்ற இனிப்பு ஒயின் முழுவதும் ஒரு செப்டம்பர் அறுவடையின்போது உப்பாகிப்போனது. அன்றே, பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம், அவன் அக்கா எர்மீனியாவின் செம்மறிப்பால் சீஸ் அத்தனையும் சர்க்கரையாக இனித்தது. அந்த வருஷம் ஆலிவ் விலையும் சரிந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். எங்கள் பக்கம் திராட்சை பறிப்பது பெண்கள், கல்தொட்டியில் இறங்கி மிதிப்பது ஆண்கள். மிதித்த சாறு பொங்கித் தன் இனிப்பைத் தானே தின்றுகொண்டிருக்கும்போது பிராந்தியை ஊற்றி நிறுத்த வேண்டும். முந்தினால் பாகு, பிந்தினால் வெறும் துவர்ப்பு. அந்த நேரத்தைச் சொல்ல அவர்களுடைய அப்பா எர்மீனியாவின் நாக்கை மட்டுமே நம்பினார். அப்பா போன பிறகு வந்த முதல் அறுவடையில் அதேரிட்டு தொட்டி இருந்த கிடங்கின் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டான்.

"பொம்பளை தொட்டிகிட்ட நின்ன காலமெல்லாம் அப்பாவோட போச்சுக்கா. போ, போயி ஆட்டைக் கற."

"ஆட்டைக் கறக்குறவ நாக்கை வச்சுத்தான்டா இத்தனை வருஷம் வயித்தைக் கழுவுன. உன் ஒயினு உப்புத்தண்ணியாப் போக!"

"உன் சீஸு சக்கரையாப் போக!"

இரண்டும் பலித்தன. வெறுப்பில் அக்காவுக்குத் தம்பி சளைத்தவனில்லை. இருவரையுமே எனக்குப் பிடிக்காது.

வியாபாரிகள் ருசி பார்த்துத் துப்பிவிட்டுப் படகேறினார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் போட்டதும் உப்பாகவே இருந்தது. எர்மீனியா உப்பை வாரி வாரிப் போட, சீஸ் இன்னும் தித்தித்தது. சமாதானம் பேசப் போன பாதிரியார் இரண்டு வீட்டிலும் வசை வாங்கித் திரும்பினார். அவன் ஆலிவ் விற்றுப் பிழைத்தான், அவள் கம்பளி விற்றாள்.

இரண்டு வீட்டிலும் சாப்பிட்ட ஒரே ஆள் அதேரிட்டுவின் மகள் கிராசியேத். அவள் பிறந்த வருஷத்து ஒயினைத் தாத்தா ஒரு பீப்பாயில் தனியாக ஒதுக்கியிருந்தார். கல்யாணத்தன்று அதைத் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் பெண்ணிடம் ஏதோ குறை என்பார்கள். அதுவும் உப்பாகத்தான் கிடந்தது. கல்யாணக் காலையில் அவள் அத்தை வீட்டுக்குப் போனாள்.

"அத்தை, சீஸ் வேணும். இல்லேன்னா மாமியார் வீட்டுல ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

"உங்கப்பன் வந்து கேக்கட்டும்."

"அவரு செத்தாலும் கேக்க மாட்டாரு."

"அப்ப நான் செத்தாலும் தர மாட்டேன்."

"ரெண்டு பேரும் தாராளமா சாவுங்க. நான் எடுத்துக்கறேன்." கல்யாண உடையோடு ஏணியில் ஏறி, பலகையிலிருந்த பெரிய வட்டுகள் இரண்டை இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளும் அந்த வம்சம்தானே.

விருந்தில் முதலில் சீஸ் துண்டு, அது நாக்கில் இருக்கும்போதே ஒயின் என்று அவளே பரிமாறினாள். உப்பும் இனிப்பும் வாய்க்குள் தத்தம் இடத்துக்குத் திரும்பின. அப்படியொரு போர்ட்டை எங்கள் ஊர் அதுவரை குடித்ததில்லை. மாப்பிள்ளையின் அம்மா இரண்டாவது கோப்பை கேட்டாள். அதேரிட்டுவின் தட்டிலும் ஒரு துண்டு விழுந்தது. யார் வீட்டுச் சீஸ் என்று அவனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு, எழுந்து நின்று, மகளை வாழ்த்தி ஒரு கோப்பை உப்புநீரை முகம் சுளிக்காமல் குடித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் எர்மீனியா தன் சீஸைத் தனியாகத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்கு இருவர் மீதும் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்தடுத்த குளிர்காலங்களில் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். குடும்ப இடம் ஒன்றுதான் என்பதால் பக்கத்துப் பக்கத்தில் புதைத்து, இருவரும் கேட்டுக்கொண்டபடி நடுவில் ஒரு சுவர் எழுப்பினோம். இப்போது அதேரிட்டுவின் கல்லைச் செம்மறிகள் வந்து நக்குகின்றன, எர்மீனியாவின் கல்லில் எறும்பு மொய்க்கிறது. கிராசியேத் இரண்டையும் விரட்டுவதில்லை. ஆடுகளால் கல்லில் தம்பியின் பெயர் தேய்ந்துபோனதால், போன வாரம் வேறு கல் வைத்தோம்.