அரை அங்குலம்

கொட்டாஞ்சேனையில் என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுத்த யாரும் குறை சொன்னதில்லை. ஒரு தோள் ஏறி மற்றது இறங்கி இருந்தால் துணியிலேயே சரிக்கட்டிவிடுவேன், போட்டவருக்கே தெரியாது. அந்தக் கெட்டித்தனம்தான் கடைசியில் என் பிள்ளையின் கழுத்தில் வந்து விடிந்தது.

ஷெரோமி எட்டாம் ஆண்டு படிக்கும்போது அவளுடைய ஸ்கூல் பேக்கின் ஒரு பட்டி அறுந்தது. நாளைக்குத் தைத்துத் தருகிறேன் என்றேன். ஒரு கல்யாண வேலை வந்தது, பிறகு கோயிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் சட்டைகள் வந்தன. மிச்சமிருந்த பட்டியை வலது தோளில் மாட்டிக்கொண்டு போக அவள் பழகிவிட்டாள். அதைப் பார்க்க நானும் பழகிவிட்டேன்.

அடுத்த யூனிஃபோமுக்கு அளவெடுத்தபோது வலது தோள் கால் அங்குலம் உயர்ந்திருந்தது. வளருகிற பிள்ளைதானே என்று இடது பக்கத்தில் மெல்லிசாகப் பஞ்சு வைத்துத் தைத்தேன். மறு வருடம் அரை அங்குலம். பஞ்சைத் தடிப்பாக்கினேன்.

போன மாதம் அவளுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பிசியோதெரபி செய்யும் பர்ஹா மிஸ்ஸிடம் கூட்டிப்போனேன். பிள்ளையைத் தராசில் ஏற்றினார், பிறகு பேக்கை. பிள்ளை நாற்பது கிலோ, பேக் எட்டு. நாலுக்கு மேல் கூடாது, டைம்டேபிளைப் பார்த்துப் புத்தகம் எடுக்கட்டும், பாரமானவை முதுகோடு ஒட்டி இருக்கட்டும், பட்டி இரண்டு தோளிலும் வேண்டும் என்றார். எலும்பு வளையவில்லை, தசைதான் இறுகியிருக்கிறது, பயிற்சி செய்தால் சரிவரும் என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தன நாளா இப்பிடி? யூனிஃபோமோட பார்த்தா ஒண்டும் தெரியல்லயே."

கால், அரை என்று நான் அளவு எழுதும் கொப்பியில் என் கையெழுத்திலேயே இருந்தது. பஞ்சு வைத்துத் தைத்ததை வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த கையோடு பட்டியைத் தைத்தேன். தடித்த நூல், இரட்டைத் தையல். ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. அதை நினைக்க நினைக்க எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது, அதை அவள் மேல் காட்டினேன். ஏன் ஞாபகப்படுத்தவில்லை என்று கேட்டேன்.

"ரெண்டு தரம் சொன்னனான் அம்மா. பிறகு, உங்கட வேல முடியட்டும் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான்."

அவளுடைய யூனிஃபோம் மூன்றையும் எடுத்து, தோளில் வைத்த பஞ்சைப் பிரித்தெறிந்தேன்.

காலையில் அவள் உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி, யார் பார்த்தாலும் தெரிந்தது. பிளவுஸுக்கு அளவு கொடுக்க ஒரு அன்ரி வாசலில் வந்து நின்றார். கொஞ்சம் இருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, பேக்கின் இரண்டு பட்டிகளையும் நானே என் பிள்ளையின் தோள்களில் மாட்டினேன்.