முந்திரி கொடுத்த மகராசன்

பிள்ளை காலராவில் போனதிலிருந்து உண்ணாமலை அவன் பேரைச் சொல்லவில்லை. "அவன்" என்பாள். அதற்கு மேல் வாய் வராது. புருஷன் கொளஞ்சியப்பனும் சொல்வதில்லை. மீன்சுருட்டியில் மற்றவர்களும் அந்தப் பேரை விட்டுவிட்டார்கள்.

அந்த மாசியில் அளவு வைத்துக் கொடுத்த கண்ட்ரோல் துணி வாங்க இருவரும் அரியலூர் போனார்கள். காபி கிளப்பில் கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. யுத்தத்தால் ஊசி கிடைக்காமல் கிளப்காரர் ஒரு முள்ளைச் செருகியிருந்தார். முள்ளின் கரகரப்புக்கு அடியில் பாடகி சிந்தாமணியின் தாலாட்டு ஓடியது.

கல்யாணமான வருஷம் ஜெயங்கொண்டத்தில் அவளை நேரில் கேட்டிருந்தார்கள். பிள்ளை பிறந்ததும் உண்ணாமலை அதைத்தான் பாடினாள். அடிக்கு அடி ஒரு பேருக்கு இடம் உண்டு. இசைத்தட்டில் அங்கே 'கண்ணே' என்று வரும். உண்ணாமலை அங்கே மகன் பேரை வைத்துப் பாடுவாள். அவன் போன பிறகு பாட்டும் போய்விட்டது.

இப்போது அவள் கிளப் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி வைக்கச் சொன்னாள். மூன்றாம் முறை அழுதாள். பிள்ளையை எடுத்துப் போன அன்றுகூட அவள் அழவில்லை. பங்குனியில் சிந்தாமணியே யுத்த நிதிக் கச்சேரிக்கு அரியலூர் வருவதாகக் கிளப்காரர் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உண்ணாமலை சொன்னாள். "அவுங்க வாயால அவன் பேரு ஒருக்கா வரணுங்க. வந்துட்டா எனக்கும் வந்துடும்."

மண்ணெண்ணெய் கிடைக்காததால் கச்சேரியைப் பகலில் வைத்திருந்தார்கள். உண்ணாமலையைப் பெண்கள் பக்கம் உட்கார வைத்துவிட்டுக் கொளஞ்சியப்பன் மேடைக்குப் பின்னால் போனான். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு பை முந்திரிப் பருப்பு கொண்டுவந்திருந்தான்.

நாற்காலியில் இருந்த சிந்தாமணியை முதலில் வேறு யாரோ என்று நினைத்தான். பவுடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது. மடியில் எச்சில் படிக்கம். வெற்றிலையைத் துப்பிவிட்டு விளிம்பை விரலால் வழித்தாள். அந்த விரலை நாற்காலிக் காலில் துடைத்தாள். ஈக்கள் படிக்கத்துக்கும் அவள் வாய்க்குமாகப் பறந்தன.

ஆர்மோனியக்காரன் முருகையன் பையை வாங்கிப் பூசணிக்காய்களும் பித்தளைக் குடங்களும் கிடந்த குவியலில் போட்டான்.

"யார் பேருக்கு?"

கோயிலில் அர்ச்சனைக்குக் கேட்பது போலவே கேட்டான். கொளஞ்சியப்பனும் அங்கே சொல்வது போலவே சொன்னான்.

"குழந்தைவேல். அந்தத் தாலாட்டுல வரணுங்க."

"வரும். போங்க."

பிள்ளை பேரு என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் முருகையன் அடுத்தவரிடம் திரும்பிவிட்டான்.

தாலாட்டு தொடங்கியது. முள்ளின் கரகரப்பு இல்லாத அதே குரல். முதல் இரண்டு அடிக்கு உண்ணாமலையின் உதடுகள் அசைவதைக் கொளஞ்சியப்பன் தூரத்திலிருந்து பார்த்தான்.

மூன்றாம் அடியில் சிந்தாமணி மேடையோரத்தைப் பார்த்துச் சிரித்தாள். "பட்டு கொடுத்த மகராசன் செல்லதுரையே கண்ணுறங்கு" என்று பாடினாள். செல்லதுரை கச்சேரிக் கமிட்டித் தலைவர். தொந்தியும் நரைத்த மீசையுமாக முன் நாற்காலியில் இருந்தவர், பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்து கட்டை விரலை வாயில் வைத்துச் சப்பினார். கூட்டம் உருண்டு சிரித்தது. அதே அடியில் குடம் கொடுத்தவரும் தூங்கினார், பூசணி கொடுத்தவரும் தூங்கினார். சிந்தாமணி நடுவில் நிறுத்தித் துப்பிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். முருகையன் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னான்.

"முந்திரி கொடுத்த மகராசன் குழந்தைவேலே, நூறு வருஷம் நீயிருந்து கண்ணுறங்கு."

வெற்றிலைச் சாறு ஊறிய அந்த வாய் பேரை இழுத்து இழுத்து மென்றது. நன்றாக இருக்கிறது என்று யாரோ கைதட்டியதால் இன்னொரு தரம் பாடினாள்.

முருகையன் கையை நீட்டிக் கொளஞ்சியப்பனைக் காட்டினான். செல்லதுரை எழுந்து நின்றார்.

"வாங்க குழந்தைவேல், மேலே வாங்க. தாலாட்டுக் கேட்ட புள்ளைக்கு மீசையப் பாருங்கய்யா."

பின்னால் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே அவனைத் தள்ளினார்கள். மேடையில் நின்று, நான் குழந்தைவேல் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அப்படியானால் குழந்தைவேல் யார் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு கழுத்தைக் குனித்தான். செல்லதுரை போட்டது ஏற்கெனவே பலர் கழுத்துக்குப் போய் வந்த மாலை. சம்பங்கியில் அத்தரும் வியர்வையும் நாறின. ஈரம் பிடரியில் ஒட்டியது. சிந்தாமணி அவனைப் பார்த்துக் கும்பிட்டாள். பற்கள் கறுப்பாக இருந்தன.

பெண்கள் பக்கம் உண்ணாமலையின் இடம் காலியாக இருந்தது.

பஸ் நிற்கும் இடத்தில் அவளைக் கண்டான். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ்ஸின் பின்னால் ஒருவன் அடுப்பின் விசிறியைச் சுழற்றிச் சூடேற்றிக்கொண்டிருந்தான். அவள் இவன் முகத்தைப் பார்க்கவில்லை. மாலையைப் பார்த்தாள்.

"கழட்டுங்க."

அப்போதுதான் அது இன்னும் கழுத்தில் கிடப்பது அவனுக்குத் தெரிந்தது. கழற்றினான்.

"குழந்தைவேலுக்கு நான் பாடுனது இது இல்ல," என்றாள்.

பேர் வந்துவிட்டது. வாயில் விழுந்த ஈயைத் துப்புவது போல வந்தது. அதன் பின்னாலேயே அவள் மண்ணில் துப்பினாள். இந்தப் பேருக்காகத்தான் அவன் அவளை இங்கே அழைத்து வந்தான்.

"அவுங்க கிட்ட என்னான்னு சொன்னீங்க?"

"பேரு மட்டுந்தான் சொன்னேன்."

"முந்திரியும் குடுத்தீங்களா?"

அவன் கையிலிருந்த மாலையைப் பார்த்தான். அவள் பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மாலையைச் சாக்கடையோரம் எறிந்தான். ஒரு வெள்ளாடு வந்து பூவை, பிறகு நாரை, பிறகு ஜரிகைக் குஞ்சத்தை இழுத்து மென்றது. பஸ் கிளம்பும்வரை அவன் பிடரியைத் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றான்.