எண்ணெய்க் கை

விடியுமுன்பே டிரம் உருள ஆரம்பித்துவிடும். உள்ளே முந்திரிக்கொட்டை வெந்து, தோட்டு எண்ணெய் படபடவென்று வெடித்துத் தீயில் சொட்டும். அந்தக் கறுப்புப் புகை கறம்பக்குடி ரோட்டில் போகிற பஸ்ஸுக்குள் நுழைந்து ஆட்களை இரும வைக்கும். நாங்கள் அந்தப் புகைக்குள்ளேயே உட்கார்ந்திருப்போம். எங்களுக்கு இருமல் வந்தால், "வேலைக்கு வந்தியா, நாடகம் போட வந்தியா?" என்று கேட்பார் ரத்தினவேல் முதலாளி. நல்ல மனுசன்.

கொட்டகையில் கொட்டை உடைக்கிறவர்கள் ஒரு பக்கம், பருப்பில் தோல் உரிக்கிற நாங்கள் ஒரு பக்கம். உடைக்கிறவர்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு கட்டையால் தட்டுவார்கள். சாம்பல் எத்தனை நேரம் தாங்கும்? வெயில் ஏறுவதற்குள் எண்ணெய் விரல் இடுக்கில் இறங்கிவிடும். தோல் கறுத்து, கொப்புளித்து, உரியும். அந்தக் கையால் பெற்ற பிள்ளையைத் தொட்டால் பிள்ளைக்கும் புண். உரிக்கிற எங்கள் கையில் அந்த எண்ணெய் படாது.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வேப்பமரத்துத் தூளியில் யார் பிள்ளை அழுதாலும் உரிக்கிற பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து தூக்குவாள். பெற்றவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிவாள். நாங்கள் பிள்ளையை அவள் மாரில் பிடித்துக் கொடுப்போம். அவளுக்குப் பால் சுரக்கவில்லை என்றால் எங்களில் ஒருத்தி கொடுப்பாள். யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை. பிள்ளை அழுதால் எழுந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

"ஒரு புள்ளைக்கு ரெண்டு பொம்பளையா?" என்றார் முதலாளி. கூலியைக் குறைத்தார். கையில் தடவக் கொடுத்துவந்த விளக்கெண்ணெயை நிறுத்தினார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மூங்கில் தட்டி அடித்தார். பெற்றவளைத் தவிர வேறு யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி, தட்டி வாசலில் கங்காணி வெள்ளைச்சாமியைக் கம்போடு நிறுத்தினார்.

உடைக்கிற பக்கத்து மூக்காயி ஒருத்திதான் வாயைத் திறந்தாள். "வெளக்கெண்ண குடுக்காட்டி நாங்க கட்டையத் தொடமாட்டோம்" என்றாள். அன்றிலிருந்து அவளை எப்படி விரட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார் முதலாளி.

அப்படி இருக்கையில் ஒரு நாள் செவந்தியின் பிள்ளை அடைக்கலம் தூளியில் வீறிட்டான். செவந்தியும் உடைக்கிறவள்தான். அன்று அவளை ரோட்டில் நின்ற லாரிக்கு மூட்டை ஏற்ற அனுப்பியிருந்தார்கள். அழுகை பசி அழுகை இல்லை. தட்டிச் சந்து வழியாகப் பார்த்தேன். தூளிக் கயிற்றில் சிவப்பெறும்பு சாரை சாரையாக இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்தேன்.

"உக்காரு ராக்காயி" என்றான் வெள்ளைச்சாமி.

"புள்ளைய எறும்பு மொய்க்குதுய்யா."

"பெத்தவ வரட்டும்."

மீறி ஓர் எட்டு வைத்தேன். கம்பு என் முழங்காலில் விழுந்தது, நான் தரையில் விழுந்தேன். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை மூச்சடைத்து அடங்கி, மறுபடி கத்தியது. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்த மூக்காயி கட்டையை எறிந்துவிட்டு ஓடினாள். அவள் கை எண்ணெயில் பளபளத்தது. "கை, மூக்காயி, கை" என்று கத்தினேன். அவள் காதில் விழவில்லை. பிள்ளையை அள்ளி, முகத்திலும் கழுத்திலும் ஒட்டியிருந்த எறும்பை உள்ளங்கையால் வழித்து வழித்து விட்டாள். வழித்த இடமெல்லாம் எண்ணெய்.

பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். ஐயோ என்று உட்கார்ந்துவிட்டாள். நொண்டிக்கொண்டு போய் நான் பிள்ளையை வாங்கினேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினோம், தேங்காயெண்ணெய் தடவினோம், கேட்கவில்லை. கன்னம் சிவந்து, தடித்து, கொப்புளம் கிளம்பியது.

செவந்தி ஓடி வந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். மூக்காயியின் கூந்தலைப் பிடித்து வேப்பமரத்தில் மோதினாள்.

"எம்புள்ள மொகத்தப் பொசுக்கிட்டியேடி பாவி."

"நாந்தான் செஞ்சேன். அடி" என்றாள் மூக்காயி. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. எறும்பு மொய்த்ததையும் நான் அடி வாங்கியதையும் நான்தான் செவந்தியிடம் கத்திச் சொன்னேன்.

முதலாளி அப்போதுதான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"பாத்தியா செவந்தி, வேணும்னே செஞ்சிருக்கா. போலீசுல அப்படியே சொல்லு. இப்பவே ஒன்னைய எங்காருல ஆலங்குடி ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன், வைத்தியமெல்லாம் எம்பொறுப்பு."

"சொல்லாட்டி?"

"நடந்து போ."

அவர் பேசி முடிப்பதற்குள் வெள்ளைச்சாமி மூக்காயியின் கையை முறுக்கி இடுப்பில் மிதித்தான். பிள்ளைக்கு ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டே வந்தது. நடந்தால் ஆலங்குடி போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். ஒரு பொய் சொன்னால் கார். நான் அவள் இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேனோ என்னமோ.

செவந்தி முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, எம்புள்ள கத்துனது ஒங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. அதுக்கு?"

"விழுந்தும் டீ குடிச்சீங்க."

"வேல நேரத்துல பாவ புண்ணியம் பாக்க முடியுமா? அப்படிப் பாத்தவதான் ஒம்புள்ளையப் பொசுக்குனா."

"அவ கையில எண்ணெய்ங்க. ஒங்க கை சுத்தமாத்தான இருந்துச்சு?"

பளீரென்று அறைந்தார். செவந்தியின் உதடு கிழிந்தது.

அதற்கப்புறம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. உரிக்கிற பக்கம் மொத்தமும் எழுந்து தட்டியைத் தள்ளிச் சாய்த்தது. வெள்ளைச்சாமியின் கம்பு தலை, தோள் என்று பார்க்காமல் இறங்கியது. எவளோ ஒருத்தி உடைக்கிற கட்டையால் அவன் மணிக்கட்டில் போட்டாள், கம்பு எகிறி விழுந்தது. டிரம்மை உருட்ட ஆளில்லை. உள்ளே கொட்டை கருகி நெருப்புப் பிடித்தது. அணைக்கவும் யாரும் போகவில்லை.

லாரி டிரைவர் முத்துராமன் கதவைத் திறந்தார். "ஏறுத்தா."

"வண்டிய எடுத்த, ஒனக்கு இங்க வேல இல்ல" என்றார் முதலாளி.

"புள்ளைய எறக்கிவிட்டுட்டு வந்து அதப் பேசிக்கலாங்க."

செவந்தி ஏறினாள். பிள்ளையைப் பிடித்துக்கொள்ள உரிக்கிற பெண் ஒருத்தியும் ஏறினாள். லாரி போனதும் நாங்கள் கொட்டகை வாசலை மறித்து உட்கார்ந்தோம்.

மத்தியானம் முதலாளியின் அடியாட்கள் வந்தார்கள். இழுத்துப் போட்டார்கள், திரும்ப வந்து உட்கார்ந்தோம். மறுபடி இழுத்துப் போட்டு அடித்தார்கள். என் கை ஒடிந்தது. மூக்காயிக்கு மண்டை பிளந்தது. ரத்தம் வழிய வழியத் தவழ்ந்து வந்து வாசலில் கிடந்தாள்.

சாயங்காலம் செவந்தி வந்தாள். பிள்ளைக்கு முகம் பூராவும் கட்டு. கண் தப்பிவிட்டது, தழும்பு போகாது என்று சொன்னார்களாம். அவள் மூக்காயியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் போகவில்லை, எப்படிப் போகும்? பேசாமலே தன் முந்தானையைக் கிழித்து, அவள் தலைக் காயத்தைத் துடைத்துக் கட்டினாள். மூக்காயி அப்போதுதான் அழுதாள். அன்று நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை, கறம்பக்குடிப் பக்கமிருந்து மாட்டு வண்டிகளில் வேறு பெண்களை இறக்கினார் முதலாளி. பாதிப் பேர் இடுப்பில் கைக்குழந்தை. முன் வண்டியில் இருந்தவள் அடைக்கலத்தின் கட்டைப் பார்த்தாள்.

"யாருத்தா இப்படிப் பண்ணுனது?"

"அந்தா ஒக்காந்திருக்காளே, அவதான்" என்று முந்திக்கொண்டார் முதலாளி. "நீ உள்ள போ."

"ஆமா, அவதான் தூக்குனா" என்றாள் செவந்தி. "எறும்பு தின்னப்ப வேற ஒருத்தரும் வரல. தூக்க எந்திரிச்ச ராக்காயியையும் அடிச்சு உக்கார வச்சாங்க. அவ கையில இருந்த கொட்டை எண்ணெய்தான் பொசுக்குச்சு. இங்க கொட்டை ஒடைச்சா ஒங் கையும் அப்படித்தான் ஆகும்."

வண்டியில் இருந்தவள் மூக்காயியின் கறுத்த விரல்களைப் பார்த்தாள். இடுப்புப் பிள்ளையை இறுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். முதலாளி என்னென்னவோ கத்தினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் வந்து மூக்காயியிடம், "கொஞ்சம் தள்ளி ஒக்காருத்தா" என்றாள்.

பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மேலேயே இருந்தார்கள். வண்டிகள் உள்ளே போகவில்லை.