நாலு விரல் தடம்

பரிசோதனைக்கூடத்துப் பெண் ரத்தக் குழாயை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் போனாள். பெயிண்டர் இடத்தைவிட்டு நகரவில்லை. யார் எதை மாற்றிவைப்பார்களோ. நாற்பது வருஷம் சாயம் கலக்கிய கண்ணுக்குச் சிவப்பில் வெள்ளை விழுந்தால் தெரியாதா? குழாயில் இருந்தது ரோஸ் நிறம். இரண்டு மணி நேரத்தில் மேலே ஆடை திரண்டது.

"பால் கீல் ஊத்திட்டியாம்மா?"

"உங்க கையில இருந்துதானே எடுத்தேன் பெரியவரே. கண்ணைச் சிமிட்டாம பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

கொழுப்பு தானாக ரத்தத்தில் போகாது, ஒரு புரதம்தான் சுமந்துபோய் இறக்கும் என்றார் டாக்டர். இவருக்குப் பிறவியிலேயே அந்தச் சுமைதூக்கி சரியில்லை போலிருக்கிறது. இறங்காத சரக்கு சுற்றிச் சுற்றி வருகிறது. இவருடைய வயிற்றுவலி அதனால்தான். சொட்டுச் சாராயம் குடிக்காதவனுக்கும் வரும், ஆளையே கொல்லும்.

"கூடப்பிறந்தவங்க யாருக்காவது இப்படி வந்திருக்கா?"

"இல்ல" என்றார்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் இவருடைய தம்பி இதே வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். "குடிக்கலண்ணே. சத்தியமா குடிக்கல." இவர் நம்பவில்லை. மறுபடி குடிக்கப் போய்விடக் கூடாதென்று வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்தபோது உடம்பு ஆறிக் கிடந்தது. அவனும் பெயிண்ட் வேலைதான்; சுவரில் பட்டி மாவு தேய்க்கும் தகடு கிழித்திருந்த விரல்களைச் சுவரில் ஊன்றியிருக்கிறான். நாலு தடம், ரோஸ் நிறத்தில். பெயிண்ட் என்று நினைத்தார்.

வெள்ளை அடித்து மறைத்தார். ஊறி வந்தது. எண்ணெய் ஏறிய சுவர் அப்படித்தான், எத்தனை கை அடித்தாலும் காட்டிக்கொடுக்கும். ஆனால் வருஷா வருஷம் ஒரு விரற்கடை கதவுப் பக்கம் தள்ளி வந்ததே, அதை எந்தத் தொழில்காரனிடமும் இவர் கேட்கவில்லை.

தம்பி மகளை இவர்தான் வளர்த்தார், அப்பன் குடித்துச் செத்தான் என்று சொல்லியே. இரண்டு மாதமாக அவளும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்றபடியே அவளுக்குப் போன் போட்டார்.

"என்ன பெரியப்பா, டாக்டர் உங்களை உயிரோட விட்டுட்டாரா? இல்ல நீங்க அவரை விட்டீங்களா?"

"நாளைக்கே நீ ரத்தம் குடுக்கணும்."

"எனக்கு எதுக்கு?"

"உங்கப்பன்..."

வழக்கம்போலக் கண் அந்தச் சுவருக்குப் போனது. வெள்ளை. தடம் இல்லை. நிலையோரம் வரை தேடினார், இல்லை. திறந்து கிடந்த கதவை மெல்ல இழுத்தார்.

"பெரியப்பா? அப்பாவுக்கு என்ன?"

கதவின் வெளிப்பக்கம், தாழ்ப்பாளின்மேல், நாலு விரல் தடம் எண்ணெய் ஈரமாக மினுங்கியது.