மச்சினன் செய்த மன்னிப்புப் பக்கம்

வலது தோள்பட்டை காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்தது. மூட்டை தூக்கிய அப்பாவுக்கு வந்த வலி, மவுஸ் பிடிக்கிற மகனுக்கும் வந்துவிட்டது. ஆனால் இவனுக்கு அதைவிடப் பெரிய குடைச்சல், எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மச்சினன். அவனுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே இவன்தான்.

இருவரும் வேலை பார்த்தது பேருந்து டிக்கெட் விற்கும் இணையதளத்தில். தளம் பழுதானால் பயணிகள் பார்ப்பதற்கென்று மச்சினன் ஒரு மன்னிப்புப் பக்கம் செய்திருந்தான். பஞ்சரான பேருந்துப் படம், கீழே 'கொஞ்சம் பொறுங்க, டயர் மாத்துறோம்' என்று ஒரு வரி. மேலாளர் அதை வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார். காலியாகக் கிடந்த குழுத் தலைவர் நாற்காலி மச்சினனுக்குத்தான் என்று பேச்சு. வருஷக்கணக்காக அதையே பார்த்துக்கொண்டிருந்த இவனுக்கு வயிறு எரிந்தது.

அன்று பயணிகள் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் படுத்துக்கொண்டது. பேருந்துப் படம் வரவில்லை. வெள்ளைத் திரையில் மொட்டையாக 500 என்று ஒரு பிழை எண்.

"உன் டயர் எங்கப்பா?" என்றார் மேலாளர். "மாமாவும் மச்சினனும் சேர்ந்து பாருங்க."

இவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "படம் போடறது ஈசி மாப்ள. வண்டி ஓடணும்ல."

மச்சினன் தளத்தில் நடந்ததெல்லாம் பதிவாகும் லாகை உருட்டினான். "இங்க பாருங்க மாமா. எரர் பக்கமே எரர் ஆகி விழுந்திருக்கு. எல்லாப் பக்கத்துலயும் மேல வர்ற நம்ம பட்டை, பயணி பேரைக் காட்டறதுக்கு டேட்டாபேஸைக் கேட்குது. அதுவே படுத்துக் கிடக்கு."

பட்டை என்றதும் இவனுக்குப் பழசு ஞாபகம் வந்தது. மச்சினன் முதலில் எதையும் நம்பியிராத தனிப் பக்கமாகத்தான் செய்திருந்தான். அவனுக்குக் கிடைத்த பாராட்டைப் பொறுக்காமல், "நம்ம பட்டை இல்லாம பக்கம் அனாதை மாதிரி நிக்குது" என்று நாலு பேர் முன்னால் மட்டம் தட்டி, பட்டையைச் சேர்க்க வைத்தது இவன்தான்.

பட்டையைக் கழற்றியதும் பேருந்து வந்து நின்றது.

"யாரு பண்ணின கோளாறு?" மேலாளர் கேட்டார்.

மச்சினன் மாமாவை ஒரு பார்வை பார்த்தான். "நான்தான் சார் கவனிக்கல."

"அப்ப குழுவை எப்படி உன்கிட்ட நம்பிக் கொடுக்கிறது?" என்றபடி மேலாளர் இவன் தோளில் தட்டினார். வலிக்கிற தோளில்.

அந்த வாரமே நாற்காலி இவனுக்கு வந்தது. நல்ல சாய்வு நாற்காலி. வலி மட்டும் போகவில்லை.

"சீட் எப்படி மாமா?" சாப்பாட்டு அறையில் மச்சினன் கேட்டான்.

"பரவால்ல."

"அக்காகிட்ட நான் எதுவும் சொல்லல. சாப்பிடுங்க."

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குச் சாப்பிட்டான். அந்த நிம்மதியைப் பார்த்தும் இவனுக்குப் பொறாமையாக இருந்தது.

பட்டையைச் சேர்க்கச் சொன்னது நான்தான் என்று மேலாளரிடம் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி.