கால் பங்கு மருந்து

கிறகோரிக்கு வாசிப்பில் ஒரு திமிர் இருந்தது. முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கக் கோயிலில் பன்னிரண்டு வருடமாக ஞாயிறு பூசையின் வேத வாசகம் அவருடையதுதான். அக்கம்பக்கத்தில் யாருக்கு அரசாங்கக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். தொண்டையைச் செருமி, நிறுத்தி நிதானமாக வாசிப்பார். இவ்வளவு பெரிய வாசகர் ஒரு சனிக்கிழமை காலை தன் கையில் இருந்த சின்னப் பெட்டியை வாசிக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றும் அவருக்கு.

பெட்டியில் இருந்தது நாய் ரைகருக்கு வாங்கிய உண்ணி மருந்து. பிடரி மயிரை விலக்கித் தோலில் ஊற்றவேண்டும். ஊற்றினார். ஒரு குழாய் முழுவதும் ஒரு நாய்க்கு எதற்கு என்று மூளை வேலை செய்தது. கால் பங்கை மிச்சம் பிடித்தார். மீன்வலைக் கொட்டிலில் பூனை மினுக்கி தெள்ளுப்பூச்சிக் கடியால் சொறிந்துகொண்டு கிடந்தது. நான்கு வருடமாக எலியிடமிருந்து வலையைக் காத்த பூனை. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் மனைவி அருளம்மாவுக்கு அதுதான் பிள்ளை.

"உது நாய் மருந்தல்லோ?" என்றாள் அருளம்மா.

"சின்ன உடம்புக்குச் சின்ன அளவு. எனக்குத் தெரியாதே?"

மிச்சத்தைப் பூனையின் பிடரியில் ஊற்றிவிட்டு, பெரிய டொக்டரைப் போலக் கையைக் கழுவிக்கொண்டார்.

மத்தியானம் சோற்றில் கைவைக்கும்போது மினுக்கி நடுங்கத் தொடங்கியது. முதலில் காது, பிறகு கால்கள். எழும்பப் பார்த்து விழுந்தது. அருளம்மா ஏசவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கலண்டரில் எழுதிவைத்திருந்த மிருக வைத்தியர் தேனுகாவின் நம்பருக்கு அடித்து, சத்தத்தைக் கூட்டி, போனை அவர் முன்னே நீட்டினாள்.

"பெட்டி இருக்கோ ஐயா? என்ன போட்டிருக்கெண்டு வாசியுங்கோ," என்றார் வைத்தியர்.

பெட்டி குசினிக் குப்பை வாளியில் மீன் செதிலோடு கிடந்தது. துடைத்தார். பழக்கதோஷம், தொண்டையைச் செருமினார். கோயிலில் வருகிற அதே குரல்தான் வந்தது.

"நாய்களுக்கு மட்டும். பூனைகளுக்கு... ஒருபோதும் பாவிக்கக் கூடாது. உயிராபத்து ஏற்படலாம்."

"இறைவா உமக்கு நன்றி," என்றாள் அருளம்மா, கோயிலில் வாசகம் முடியச் சனங்கள் சொல்லும் அதே பதிலை. அவள் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கால்வாசிதான் டொக்டர்," என்றார் கிறகோரி.

"ஒரு துளியும் கூடாது ஐயா. நக்க விடாதேங்கோ. இளஞ்சூட்டுத் தண்ணியில கோப்பை கழுவுற சோப்பைக் கரைச்சுக் கழுவிப்போட்டு, துவாயால சுத்திக்கொண்டு உடன வாங்கோ. நாயையும் கிட்ட விடாதேங்கோ, அதின்ர மருந்து காயவேணும்."

கழுவினார்கள். அந்த நடுக்கத்திலும் மினுக்கி அவருடைய இரண்டு கைகளையும் பிறாண்டித் தள்ளியது. "பிறாண்டடி, நல்லாப் பிறாண்டு," என்றார் கிறகோரி. தனக்கு இது போதாது என்றுதான் அவருக்குப் பட்டது. மோட்டார் சைக்கிளில் பின்னால் அருளம்மா, மடியில் துவாய்ப் பொட்டலம். வழி முழுக்க அவர் மனதுக்குள் செபம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். நடுக்கடலில் தன் வள்ளத்தின் இயந்திரம் நின்ற நாளில்கூட அவர் இப்படி மன்றாடியதில்லை.

வைத்தியர் ஊசி போட்டார். "இரவு இஞ்ச இருக்கட்டும். இப்ப ஒண்டும் சொல்லேலாது," என்றார். அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை, பூசைக்கு வெளிக்கிடும் நேரம் போன் அடித்தது.

"நடுக்கம் நிண்டிட்டுது. எழும்பி மீன் கேக்கிறா. பூசை முடிய வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

அருளம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். கணவனோடு மட்டும் இன்னும் கதைபேச்சு இல்லை.

அன்றைய வாசகம் வேதாகமத்திலுள்ள ஒரு கடிதம். கீறல் விழுந்த கைகளால் புத்தகத்தைத் திறந்தார். அது யாருக்கு எழுதப்பட்டது என்று, அந்த மருந்துப் பெட்டியில் போலவே, முதல் வரியிலேயே இருந்தது. பன்னிரண்டு வருடமாக அவர் ஓட்டமாக வாசித்துத் தள்ளிய வரி. இந்த முறை ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். போதாதென்று, தலையை நிமிர்த்தி அருளம்மாவைப் பார்த்து, அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் வாசித்தார்.

மூன்றாவது வரிசை வாங்கில் அருளம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.