தொட்டிக்கு மூன்று நாடு

…நன்றி சொல்கிறார் என்று இதையும் மொழிபெயர்த்துவிடலாமா, போன வருஷமும் அப்படித்தானே, அக்கம்மாள் வாயிலிருந்து எது புறப்பட்டாலும் ஞானதுரையின் ஆங்கிலத்தில் அது நன்றியாகத்தான் போய் இறங்கியது, அதற்குத்தானே தொண்டு நிறுவனம் சம்பளம் தருகிறது… வைகை அணை இங்கிருந்து கூப்பிடு தூரம், பார்க்கலாம், குடிக்க முடியாது, ஆகவே மூன்று நாடுகள் கூடிக் கூடிப் பேசி இந்தக் கரட்டடித் தெருவுக்கு ஒரு தொட்டி கட்டின, ஒரு நாடு சிமெண்டு, ஒரு நாடு குழாய், ஒரு நாடு ஆலோசனை, மூன்று கொடிகளும் தொட்டியின் வயிற்றில் வரையப்பட்டன, தண்ணீர் மட்டும் எந்த நாட்டின் பங்கிலும் வரவில்லை. தொட்டிக்கென்று போட்ட ஆழ்துளைக் கிணறு முதல் கோடையிலேயே காற்றைக் கக்கிவிட்டு ஓய்ந்தது.

அக்கம்மாள் அவன் முழங்கையை விடவில்லை. “லாரித் தண்ணியவும் நிப்பாட்டிட்டாக தம்பி. கேட்டா, ஒங்களுக்குத்தான் வெளிநாட்டுக்காரக தொட்டி கட்டியிருக்காகளேங்கிறாக. தோட்டத்துக் கிணத்துலருந்து கொடம் சொமந்துதான் மருமகளுக்கு வயித்துப்பிள்ளை தங்கல. இதை இடிச்சு அள்ளிட்டுப் போகச் சொல்லு. போன தடவயும் இதத்தானே சொன்னேன், அதுக்கு அந்த வெள்ளக்காரம்மா ஏன் சிரிச்சுக்கிட்டே கையத் தட்டுச்சு?” ஏன் தட்டினாள் என்று இவளிடம் எப்படிச் சொல்வது… தொட்டியைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆரத்தி எடுத்துக் கொட்டிய மஞ்சள் தண்ணீரை மண் உறிஞ்சுவதை இவள் பார்த்துக்கொண்டு நின்றாளே, சோறு பறிபோகிறவள் பார்ப்பதுபோல, அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம், நிறுவனத்தின் இயக்குநர் சங்கரலிங்கம் வேறு கண்ணைக் காட்டுகிறார், முடியட்டும் என்கிறார், வேலை போனால் போடியில் மாமனார் ஏலக்காய்க் கடையில் மூட்டை பிரிக்க வேண்டியதுதான், பிரித்தால் என்ன… அவள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். லாரி, மருமகள், இடித்து அள்ளுவது, ஒன்றையும் விடாமல்.

வெளிநாட்டுக் குழுவின் தலைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள், கண் கலங்கியிருந்தது, அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள், இதைத்தான் இத்தனை ஆண்டுகளாகத் தேடினோம், அடித்தள மக்களின் ஒளிவுமறைவற்ற குரல்… ஜீப் நிழலில் மூன்று நாடுகளும் தலை சேர்த்துப் பேசின, பாட்டில் தண்ணீரைக் குடித்தன, முடிவுக்கு வந்தன. திட்டத்தின் இரண்டாம் கட்டம். இன்னொரு தொட்டி, இதைவிடப் பெரியது, நான்காவதாக ஒரு நாடும் சேரும், குறைகளைத் தயங்காமல் சொல்லப் பெண்களுக்குப் பயிற்சி உண்டு. கைதட்டல். “கலக்கிட்டீக ஞானதுரை,” என்று இயக்குநர் முதுகில் தட்டினார், வேலை போகவில்லை, எதுவுமே போகவில்லை, லாரி என்ற சொல் எங்கே போயிற்று, சொன்னோமே, சொன்னோம்தானே… நன்றி என்று புளுகிக்கொண்டிருந்த காலத்தில் உண்மை என்ற ஒன்றாவது கையிருப்பில் இருந்தது, என்றைக்காவது எடுத்து விட்டால் வேலை செய்யும் என்று.

“இந்த வாட்டி அந்தம்மா சிரிக்கல, கவனிச்சேன்,” என்றாள் அக்கம்மாள். “வெளங்கிருச்சு போல. என்ன சொன்னாக தம்பி? நாளைக்கு லாரி வருமா?” பதிலுக்குக்கூடக் காத்திராமல் அவளுக்குப் பின்னால் பெண்கள் ரோட்டோரம் குடங்களை வரிசை வைக்கத் தொடங்கியிருந்தார்கள், ஒருத்தி இன்னொருத்தியின் குடத்தை நகர்த்தி ஏசிக்கொண்டிருந்தாள், அவன் வாயைத் திறந்தான், எல்லாம் ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது, தமிழில் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது…